முதலில் தீரும் சிவப்பு

ஜனவரி 12

தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தானே ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நீ எனக்குக் கொடுத்த பிரிண்டரைப் பற்றித்தான். "அக்காவுக்கு என் அன்பளிப்பு" என்று நீட்டியபோது எல்லார் முன்னாலும் உன்னை மெச்சினேன். இரண்டு மாதம் கழித்து அதே எல்லார் முன்னாலும், "என் தம்பி பரிசு குடுக்கல, பொறி வச்சிருக்கான்" என்றும் சொன்னேன். உன் மாமனார் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் நின்றே கிடக்கிறது. இருக்கட்டும்.

போன வாரம் மை வாங்கப் போனேன். நான்கு நிறமும் சேர்த்துக் கேட்டதற்கு இங்கே உள்ள கடைக்காரர், "இந்த விலைக்குப் புதுப் பிரிண்டரே வாங்கிடலாம் மேடம். உள்ளயே மை போட்டு வரும்" என்கிறார். மை தீரும்போதெல்லாம் பிரிண்டரைத் தூக்கி வீதியில் வைக்கவா?

பெட்டியின் மேல் இருநூறு பக்கம் என்று போட்டிருக்கிறது. நாற்பத்தாறாவது படத்திலேயே தீர்ந்துவிட்டதாகச் சொல்லி நின்றுவிட்டது. நம்பிக்கை வராமல் அந்தக் கார்ட்ரிட்ஜைக் கத்தரியால் பிளந்தேன். உள்ளே பஞ்சு நனைந்து சொட்டுகிறது. கை இரண்டும் சிவப்பு. மறுநாள் பெரிய டாக்டர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், வீட்லயும் ஆபரேஷனா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு குப்பியில் ஐந்து மில்லி என்று எழுதியிருந்தால் ஐந்து மில்லி இருக்கும். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊசியில் இழுப்பேன். உன் தொழிலில் மட்டும் ஏன் இப்படி?

பதில் போடு. கோபமாகவே போடு, பரவாயில்லை.

அக்கா


ஜனவரி 19

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் 12ஆம் தேதியிட்ட புகார் கிடைக்கப்பெற்றது.

இருநூறு பக்கம் என்பது நாலு வரி எழுத்து உள்ள பக்கத்துக்கான கணக்கு. தாங்கள் அச்சடிப்பது புகைப்படம் என்று தெரிகிறது. புகைப்படத்தில் காகிதத்தின் மூலை முடுக்கெல்லாம் மை. அதையும் இதையும் ஒப்பிடுவது, நெற்றியில் பொட்டு வைப்பதையும் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதையும் ஒப்பிடுவது போல.

பஞ்சில் மை இருந்ததும் உண்மை. கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப் மையைப் பார்ப்பதில்லை, தெளித்த சொட்டுகளைத்தான் எண்ணுகிறது. முழுக்க வறண்டால் மை தெளிக்கும் ஹெட் கருகிவிடும் என்று கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில் தங்களுக்கு உள்ள சந்தேகம் எனக்கும் உண்டு.

இன்னொன்று. பிரிண்டரை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது தன் மூக்கைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த மை காகிதத்துக்கு வராது, வயிற்றில் உள்ள ஒரு பஞ்சுக்குப் போய்விடும். தினமும் ஒரு படத்துக்காக எழுப்பினால், படம் குடிப்பதைவிட மூக்கு குடிப்பது அதிகம். வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து அச்சடிப்பதே சிக்கனம்.

பொறி வைப்பவன் இதையெல்லாம் சொல்லித் தரமாட்டான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர் (தங்களுக்குத் தம்பியாகவும் இருந்தவர்)


ஜனவரி 27

உரிமையாளர் அவர்களுக்கு,

படித்துவிட்டு உன் மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "உன் தம்பி கோபத்துல நல்லா எழுதுறான், அப்பப்போ சீண்டிவிடு" என்கிறார்.

வாரத்துக்கு ஒருமுறை என்பது நடக்காது. எனக்குத் தினமும் வேண்டும். சில நாள் ஒன்று, சில நாள் மூன்று. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கையில் இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் கொடுக்கலாமே என்று கேட்காதே. வெளியாட்கள் கண்ணில் படக்கூடாத படங்கள். கலராகத்தான் வேண்டும், அதனால் ஆபீஸ் மெஷினும் ஆகாது.

தீர்வது எப்போதும் சிவப்புதான். நீலம் பாதி இருக்கிறது, மஞ்சள் முக்கால் இருக்கிறது, கறுப்பைத் தொடவே இல்லை. சிவப்பு தீர்ந்தால் மற்ற மூன்றும் வேலைநிறுத்தம் செய்கின்றன. இதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

வாடிக்கையாளர் என்று எழுத இனிமேல் கை வரவில்லை.

பதினான்கு வருஷமாக இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்கள் வாங்கும் மையை வைத்தே சொல்லிவிடுவேன். ஊர் சுற்றுகிறவர்களுக்கு வானமும் கடலும், நீலம் தீரும். டியூஷன் எடுக்கிறவர்களுக்குக் கறுப்பு. தோட்டம் போட்டு அதைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு வங்கி மேனேஜர் இருக்கிறார், அவருக்கு மஞ்சள். மெஜந்தா மட்டும் தனியாக முதலில் தீரும் வீட்டை நான் கண்டதில்லை. (அது மெஜந்தா. சிவப்பு இல்லை. எத்தனை தடவை சொல்வது?)

மாமா ரோஜா வளர்க்கிறாரா என்று முதலில் நினைத்தேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தினமும் வேண்டும், காலை ஏழு மணிக்கு வேண்டும், வெளியாள் பார்க்கக் கூடாது, சிவப்பாக இருக்கிறது. வார்டில் காயங்களைப் படமெடுத்து யாருக்காவது கொடுக்கிறாயா? கேஸ், கோர்ட்டு என்று ஏதாவதில் மாட்டிக்கொண்டாயா? வீட்டில் இவளும் பயப்படுகிறாள். "அண்ணிகிட்ட நேராக் கேளுங்க" என்கிறாள்.

நேராகக் கேட்கிறேன். என்ன அச்சடிக்கிறாய்?

தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

காயம் இல்லை, கோர்ட்டும் இல்லை. குழந்தைகள்.

போன வருஷம் என்னைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றினார்கள் இல்லையா, அங்கேதான். ஏழு மாதத்தில், ஆறரை மாதத்தில் பிறந்தவை. தோல் இன்னும் தடித்திருக்காது. அடியில் ஓடும் ரத்தம் அப்படியே வெளியே தெரியும். கறுத்த வீட்டுப் பிள்ளையோ வெளுத்த வீட்டுப் பிள்ளையோ, அந்த வயதில் எல்லாம் ஒரே சிவப்பு. உன் மெஜந்தா அங்கேதான் போகிறது.

பிள்ளை கீழ்த் தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஆபரேஷன் ஆன தாய் மூன்றாவது மாடியில். எழுந்து நடக்க நாலு நாள் ஆகும், சிலருக்கு ஒரு வாரம். வார்டுக்குள் போன் கொண்டுவரக் கூடாது, கிருமி பயம். பிள்ளையைப் பார்த்துவிட்டு மேலே போகிறவர்கள் எல்லாரும் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்பார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்து, "எல்லாரும் நல்லா இருக்குன்னே சொல்றாங்க சிஸ்டர். செத்துப் போச்சா?" என்று கேட்டாள். பிள்ளை கீழே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அதை எப்படி அவளை நம்ப வைப்பது?

அன்றைக்கே பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். அவர் கறாரான ஆள். தாயின் கையெழுத்து வேண்டும், கேமராவை ஸ்பிரிட்டால் துடைத்துத்தான் உள்ளே எடுத்துப்போக வேண்டும், ஒரே ஒரு படம், அச்சடித்த அன்றே கேமராவிலிருந்து அழித்துவிட வேண்டும், வேறு யார் கைக்கும் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அச்சடிக்கும் செலவு யாருடையது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அச்சடிப்பேன். காலையில் மேலே எடுத்துப் போவேன். தம்பி, நீ அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். படத்தை வாங்கியதும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், விரல்களைத்தான் எண்ணுவார்கள். அந்தக் கொட்டாவிக்காரன் அம்மாவுக்கு அதுவரை ஒரு வேளைக்குப் பத்து மில்லி பால் வந்தால் பெரிது. படத்தைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே பால் எடுத்தாள். நாற்பது மில்லி. ஒரு படத்துக்கு ஒரு மில்லி மை ஆகுமா? உன் தொழில் விலைப்படியே கணக்குப் போட்டுக்கொள்.

இதை முன்பே சொல்லியிருப்பேன். சொன்னால் காசு வாங்கமாட்டாய். நம் சண்டைக்கு நடுவில் அது எனக்குக் கௌரவமாகப் படவில்லை.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். புகழ்ந்தால் உனக்குப் பிடிக்காது, புகழாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. கடையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தபோது ஒருவர் வந்து பிரிண்டர் விலை கேட்டார். கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஏதோ ஒரு விலையைச் சொன்னேன். அவர், "என்ன, வீட்ல ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. நாமே நிரப்பிக்கொள்ளும் கார்ட்ரிட்ஜ் நான்கு, பாட்டில் மை பதினைந்து. பதினைந்தில் ஒன்பது மெஜந்தா. மருந்தை ஊசியில் இழுப்பது போல இழுத்து, மேலே உள்ள துளை வழியாக விடு. உன் கைக்கு இது விளையாட்டு. கம்பெனி மை இல்லை இது, ஆனால் நிறம் நன்றாக விழும். நானே அடித்துப் பார்த்தேன். இனி விலையைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். யார் கேட்டாலும் கொடு. தீர்ந்தால் அனுப்புவேன்.

காசு என்று ஒரு வார்த்தை எழுதினால் பழைய கோபம் திரும்ப வந்துவிடும்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டாவது பார்சலும் வந்தது. இதுவரை நூற்றுப் பதினெட்டுப் படம். இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் கேட்டாள். இரண்டும் வேறு வேறு பெட்டியில் இருக்கின்றன, எப்படி முடியும்? "அப்போ ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பிளாஸ்திரி நான்தான் கொடுத்தேன்.

உன் மாமனாருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். "உங்கள் மருமகன் வைத்தது பொறி இல்லை, நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டேன்" என்று எழுதினேன். எந்தக் கூட்டத்தில் சொன்னேனோ அதே கூட்டத்தில் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன்.

அக்கா


நவம்பர் 3

தம்பிக்கு,

நேற்று பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தையல்காரி. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்ச்சில் அவளுக்கு ஆறரை மாதத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. நாலாம் நாள் படம் எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அவள் கணவன் அப்போது வெளியூரில் கட்டட வேலையில் இருந்தான். அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் படம்தான் அவர்களிடம் இருக்கும் ஒரே படம். கேமராவில் இருந்ததை நான் அன்றே அழித்துவிட்டேன், விதிப்படி.

பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த சட்டகத்தை எடுத்தாள். தையல் மெஷினுக்கு எதிரே, ஜன்னலைப் பார்த்து மாட்டியிருந்தாளாம். குழந்தையின் முகம் வெளிறிப் பச்சையும் மஞ்சளுமாகக் கிடக்கிறது. சிவப்பு மட்டும் முழுக்கப் போய்விட்டது. தொப்பி எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அவள் கோபப்படவில்லை. மெதுவாக என்னிடம் கேட்டாள்: "நான் ரொம்பப் பாத்துட்டேனா சிஸ்டர்? பாத்துப் பாத்தே தேஞ்சு போச்சா?"

இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்க்கிறேன். கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உன் பாட்டில் மைதான் காரணமா? நேராகச் சொல். உன்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும்.

அக்கா


நவம்பர் 9

அக்கா,

அவள் பார்த்ததால் தேயவில்லை. நான் அனுப்பியதால் தேய்ந்தது. முதலில் இதை அவளிடம் போய்ச் சொல். மீதியை அப்புறம் படி.

அந்த மை வெயில் பட்டால் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் அனுப்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, முடியவில்லை. ஆல்பத்துக்குள் வைத்தால் சில வருஷம் இருக்கும், ஜன்னலோரம் வைத்தால் சில மாதம். மெஜந்தாதான் முதலில் போகும். கம்பெனி மை ஏன் அந்த விலை என்று வாடிக்கையாளர்கள் திட்டும்போது நான் சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்று. பாதி விலை பேராசைக்கு, மீதியில் கொஞ்சமாவது நிறம் நிலைத்து நிற்பதற்கு.

தெரிந்தும் ஏன் அனுப்பினேன் என்றால், பதினைந்து பாட்டில் கம்பெனி மை வாங்க என் கையில் தெம்பில்லை. உனக்கு நிறையக் கொடுத்தேன் என்ற பெருமையும் வேண்டியிருந்தது. அதோடு ஒரு நினைப்பு. எப்படியும் குழந்தை வீட்டுக்குப் போய்விடும், பிள்ளையே மடியில் இருக்கும்போது படம் மங்கினால் என்ன என்று எண்ணினேன். வீட்டுக்குப் போகாத குழந்தைகளை நான் எண்ணவே இல்லை, அக்கா. நீ தினமும் அவர்களோடு இருக்கிறாய். எனக்கு அது தோன்றக்கூட இல்லை.

அந்தப் படத்தை அவள் தருவாளா? சட்டகத்தைப் பிரிக்காமல் அப்படியே வேண்டும். மீட்டுவிடுவேன் என்று சத்தியம் செய்ய முடியாது. முயற்சி செய்யாமல் என்னால் கல்லாவில் உட்கார முடியவில்லை.

தம்பி


நவம்பர் 16

தம்பிக்கு,

அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். உன் கடிதத்தின் முதல் இரண்டு வரியைப் படித்துக் காட்டினேன். "அப்போ நான் இல்லயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மெஷினை விட்டு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். நிறம் குறையத் தொடங்கியதிலிருந்து படத்துக்கு முதுகைக் காட்டித் தைத்தாளாம், அதிகம் பார்க்கக் கூடாது என்று.

கொடுப்பாளோ மாட்டாளோ என்று தயங்கித்தான் கேட்டேன். பழைய துணியைப் பஞ்சு போல அடுக்கி, நாலு பக்கமும் தைத்து உறை போட்டுத் தந்தாள். தபால் நிலையத்துக்கும் கூடவே வந்தாள். முத்திரை குத்தும் வரை நின்றாள். "உங்க தம்பிய மெதுவாச் செய்யச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

மைக்கு உன் கையில் தெம்பில்லை என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குக் கௌரவம், உனக்குப் பெருமை. நாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்.

அக்கா


நவம்பர் 30

அக்கா,

பத்தொன்பதாம் தேதி வந்து சேர்ந்தது. அந்த உறையைப் பிரிக்க எனக்கு மனசே வரவில்லை. அவ்வளவு நெருக்கமான தையல். வீட்டில் இவள்தான் ஒவ்வொரு இழையாக எடுத்தாள்.

படத்தைச் சட்டகத்தோடே ஸ்கேன் செய்து பார்த்த முதல் மூன்று நாள் நம்பிக்கையே இல்லை. நீலமும் மஞ்சளும் இருக்கின்றன, மெஜந்தா இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எவ்வளவு சிவப்பு சேர்ப்பது? கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் ஏதோ ஒரு குழந்தை வரும். அவளுடைய குழந்தை வராது.

நாலாம் நாள் சட்டகத்தைக் கழற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். மரச் சட்டத்தின் விளிம்புக்கு அடியில், சுற்றிலும் கால் அங்குலத்துக்கு வெளிச்சமே படவில்லை. ஓரம் விடாமல் அச்சடித்திருக்கிறாய். இடது கீழ் மூலையில் அந்தக் கால் அங்குலத்துக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? குழந்தையின் குதிகால். நீ கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, செக்கச் சிவப்பாக. ஒரு பயறு அளவுதான் இருக்கும். இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தக் குதிகாலை வைத்துத்தான் மற்றதெல்லாம். காலிலிருந்து முழங்கால், அங்கிருந்து வயிறு, வயிற்றிலிருந்து முகம் என்று ஒவ்வொரு விரற்கடையாகக் கணக்குப் போட்டு ஏறினேன். கடையை மத்தியானமே சாத்திவிடுகிறேன். பதினொரு நாளாக அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே. மேல் உதட்டில் பால் கொப்புளம் மாதிரி ஒன்று. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருக்கிறான்.

ஆனால் முகத்தின் மேல் வார்டு விளக்கு விழுந்திருக்கிறது, குதிகால் நிழலில் இருக்கிறது. அதனால் முகத்தின் சிவப்பு எவ்வளவு என்று எனக்கு உறுதி இல்லை. ஐந்து விதமாக அடித்து, பின்னால் எண் போட்டு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் கம்பெனி மை, நல்ல காகிதம். நான் அவனை நேரில் பார்த்ததில்லை. நீங்கள் இரண்டு பேரும்தான் சொல்ல வேண்டும்.

தம்பி


டிசம்பர் 7

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் வெட்டு மேஜை மேல் ஐந்தையும் வரிசையாக வைத்தேன். அழுவாள் என்று பயந்து கைக்குட்டையெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். அவள் அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, துணிக்கு நூல் தேடுகிறவள் மாதிரி பார்த்தாள்.

எனக்கு மூன்றாம் எண்தான் என்று பட்டது. வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஒன்றையும் இரண்டையும் உடனே தள்ளிவிட்டாள். "இது கழுவின துணி" என்றாள். ஐந்தைத் தள்ளிவிட்டு, "இவன் காய்ச்சல்காரன்" என்றாள். மூன்றையும் நாலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "டியூப் லைட்ல நிறம் பொய் சொல்லும் சிஸ்டர்" என்றாள். வெளிச்சத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம். கணவன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். அதுவரை அந்தப் படத்தின் பக்கமே போகாமல் இருந்தானாம். அவன் தன் பிள்ளையை ஒழுங்காகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "மூக்கு எங்கப்பா மாதிரி" என்றான். அவள் திரும்பாமலே, "தெரியும்" என்றாள்.

கடைசியில் என்னிடம் வந்து சொன்னாள்: "மூணு இல்ல, நாலும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. நாலு பக்கமா கொஞ்சம் சாஞ்சு."

நான் அந்த வார்டில் அவனை ஒன்பது நாளும் பார்த்தவள். எனக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை.

முடியுமா?

அக்கா


டிசம்பர் 14

அக்கா,

முடிந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், நாலு பக்கம் சாய்த்து அடித்து, நான் எடுத்து வைத்திருந்த நாலாம் எண் பிரதியின் பக்கத்தில் வைத்ததும் எனக்கே புரிந்துவிட்டது. மற்ற ஐந்தும் படங்கள். இதில் அவன் மூச்சு விடுகிறான். பதினான்கு வருஷம் நிறம் விற்கிறேன், இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. அவளிடம் சொல், அவள் மட்டும் என் தொழிலுக்கு வந்தால் நான் கடையைச் சாத்திவிட்டு அவளிடம் வேலைக்குச் சேர்வேன்.

இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று மாட்ட, ஒன்று பெட்டிக்குள் வைக்க. இனி ஜன்னலைப் பார்த்தே மாட்டலாம், நேர் வெயில் மட்டும் விழ வேண்டாம். பழைய படத்தையும் அதன் சட்டகத்தையும் அவள் தைத்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். தையலை இவள் போட்டாள். அவள் அளவுக்கு வராது, பொறுத்துக்கொள்ளச் சொல்.

பாட்டில் மையில் அடித்ததெல்லாம் உன் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் இல்லையா? செக்-அப்புக்கு வரும் தாய்மார்களிடம் படத்தைக் கொண்டுவரச் சொல். மங்காமல் இருப்பதை அவர்கள் சம்மதத்தோடு உடனே ஸ்கேன் செய்து அனுப்பு. மங்கியதைக் கொடுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் புதிதாக அடித்துத் தருவேன். கடை முகப்புக்குப் பெயின்ட் அடிக்க வைத்திருந்த காசை இதற்கு எடுத்துக்கொள்ளச் சொன்னது இவள்தான். கல்லாவுக்கு மேலே ஒரு பலகையும் மாட்டியிருக்கிறேன், எந்த மை எத்தனை நாள் நிற்கும் என்று. வியாபாரம் கொஞ்சம் படுத்திருக்கிறது. எழுந்துவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் விதிப்படி இந்தப் படம் என் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. அழித்துவிடுகிறேன். நேற்றே அழித்திருக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோப்பின் பெயர் "ஸ்கேன் 1" என்று இருக்கிறது. நீ ஒரு வார்த்தை எழுது, செய்துவிடுகிறேன்.

தம்பி


டிசம்பர் 21

தம்பிக்கு,

படத்தை அவள் கையில் கொடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இவன்தான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்குள் வந்து விரல்களை எண்ணினாள்.

நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். விதியைச் சொல்லி, தம்பி அழித்துவிடுவான், பயப்பட வேண்டாம் என்றேன். நீ பதினொரு நாள் உட்கார்ந்து பார்த்ததையும், புருவத்தைப் பற்றியும் மடக்கின கட்டைவிரலைப் பற்றியும் எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு நாளா?" என்று கேட்டாள். "நான் ரெண்டே தடவதான் சிஸ்டர் பாத்தேன். அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு. இடது புருவம் கொஞ்சம் மேல இருக்கும்னு அவரு எழுதித்தான் எனக்கே தெரியுது."

பிறகு சொன்னாள்: "அழிக்க வேணாம். அவன் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சவங்க இன்னொருத்தரும் இருக்கட்டும்."

பெரிய டாக்டரிடம் போனேன். விதி விதிதான் என்று தொடங்கினார். முழுக்கச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாயின் கையெழுத்து இருந்தால் சரி என்றார். அவள் கையெழுத்துப் போட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாக வை.

மடித்த சிறு தாள் இன்னொன்றும் உள்ளே இருக்கிறது. எங்கள் பதிவேட்டில் அவன் வெறும் "ஆண் குழந்தை"தான். ஆனால் நாலாம் நாள், அந்தப் படத்தைக் கையில் வாங்கிய காலையில், அவள் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. நேற்று கணவனிடம் சொன்னாள், அப்புறம் என்னிடம். உன்னிடமும் சொல்லச் சொன்னாள். அதை நான் எழுதவில்லை, அவளே அவள் கையால் எழுதினாள்.

பிரித்துப் பார்த்துவிட்டு, கோப்பின் பெயரை மாற்று.

அக்கா